செல்வி போனில் ஓடிய பஸ்

பஸ் நின்றுகொண்டே இருந்தது.

பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த போனுக்குள் ஒரு பச்சை பஸ். என்ஜின் உறுமுகிறது. ஏற வேண்டிய ஆட்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கதவும் மூடியாகிவிட்டது. ரோட்டில் ஒரு மாடு கூடக் குறுக்கே இல்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"மாமா, அந்தா ஓரத்துல பச்சையா இருக்குல்லா, அத அமுக்குங்க. வண்டி போயிரும்," என்றாள் செல்வி. செல்வி என் மருமகள். போனும் அவளுடையது, விளையாட்டும் அவள் இறக்கியது.

அவர் அமுக்கவில்லை.

மேல் ஓரத்தில் நேரம் ஓடிக் குறைந்து, கடைசியில் சிவப்பாகப் பெரிய எழுத்து வந்து விழுந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் சிவப்பில் பெரிதாக வந்தால் தோற்றாயிற்று என்று அர்த்தம். அது எல்லா விளையாட்டிலும் ஒன்றுதான்.

இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் ஆட்கள் ஏறினார்கள், கதவு மூடியது, பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

செல்வி என்னை அடுக்களைக்குக் கூட்டிப் போனாள். "அத்தை, மாமாக்கு வெளங்கல போல. முப்பது வருசம் பஸ் ஓட்டுன மனுசன், பஸ்ஸப் பாத்தாவது மனசு கொஞ்சம் தெளியும்னு நெனச்சேன்," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கை விழுந்துவிட்டது, நாக்கு குழறுகிறது, அதெல்லாம் தெரிந்ததுதான். புத்தியும் போய்விட்டதா?

அது என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கும் இந்தப் போன் விளையாட்டுக்கும் உள்ள சங்கதியைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால், இந்த வயதில் இவளுக்கு என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள்.

பதினொரு பாம்பு

இந்தப் பத்திரிகையில் போன வாரம் வந்த என் பூ மார்க்கெட் கதையைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவிலேயே ஒருத்தி, "ஆச்சி, நீங்களா எழுதுனிய?" என்று கேட்டாள். நான் எங்கே எழுதினேன். நான் சொல்வேன், செல்வி எழுதுவாள். நான் 'வாரேன், போறேன்' என்றால் அவள் 'வருகிறேன், போகிறேன்' என்று போட்டுக்கொள்கிறாள். பத்திரிகைக்கு அதுதான் அழகாம். சரி, என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் போடு, மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் முதன்முதலில் விளையாடியது பாம்பு. அப்போது அவர் டூட்டியில் இருந்தார். டூட்டி முடிந்து வந்து குளிக்கப் போனால், சட்டைப் பையில் இருக்கும் பொத்தான் போனை எடுத்து வைத்துக்கொள்வேன். அதில் கறுப்பாக ஒரு பாம்பு. புள்ளி புள்ளியாக இரை வரும். தின்னத் தின்ன நீளும். நீண்டு, தன் வாலையே தான் கடித்துச் செத்துப் போகும்.

எங்கள் சங்கரன்கோவில் பக்கம் பாம்பை அடிக்க மாட்டோம். பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம், 'நல்லது' என்போம். வீட்டில் நல்லது தென்பட்டால் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தகட்டில் செய்த பாம்பு உரு வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவோம். புற்றுமண் எடுத்து வந்து வீட்டில் வைப்போம். அப்படிப்பட்ட சீமையில் பிறந்து வளர்ந்தவள் நான், முதல் நாளிலேயே பதினொரு பாம்பைச் சாகடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வரை மனது ஓயவில்லை. கோயில் வாசலில் உரு விற்கிறவளிடம் போய், "பதினோரு பாம்பு குடு தாயி," என்றேன்.

"ஆச்சி, வீட்டுல இத்தனையா வந்துச்சு?" என்று அவள் பதறிப்போனாள்.

"வீட்டுல இல்ல. போன்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஆளுக்கு வியாபாரத்தைத் தொடங்கிவிட்டாள். எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் உரு தந்தாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். பாம்பு ஓரளவு நீண்டதும், அது உயிரோடு இருக்கும்போதே போனை அணைத்துவிடுவேன். வீட்டுக்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொல்வார்: "ஏட்டி, நீ பாட்டுக்கு அத உசுரோட விட்டுட்டுப் போயிருத. நான் நாளைக்கிக் காதுல வச்சுப் பேசணும்."

மூன்று சேரக் கூடாது

செல்வி வீட்டிலேயே தைக்கிறவள். மிஷினில் ஒரு ஜாக்கெட் முடிந்தால் ஒரு ஆட்டம். உலையில் அரிசி வேகும்வரை ஒரு ஆட்டம். மாமியார் என்கிற முறையில் நானும் கொஞ்ச நாள் முணுமுணுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அத்தோடு முணுமுணுப்பு போயிற்று.

கலர் கலராக மிட்டாய் வரிசையாக இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா. பார்க்கவே நன்றாக இருந்தது. செல்வி சாப்பிடப் போன நேரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்த்த ஆரம்பித்தேன். ரொம்ப நேரம் நகர்த்தினேன். ஒரு வம்பும் வரவில்லை.

"என்ன அத்தை செய்யுதிய?" என்று செல்வி வந்து நின்றாள்.

"கட்டுதேன்."

"என்னத்தக் கட்டுதிய?"

பூ கட்டுகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? கதம்பம் கட்டினால், மல்லிக்குப் பக்கத்தில் கனகாம்பரம், அதற்குப் பக்கத்தில் மரிக்கொழுந்து, பிறகுதான் மறுபடியும் மல்லி. ஒரே நிறம் மூன்று ஒன்றாய் வந்துவிட்டால், கட்டத் தெரியாதவள் கட்டினது என்று மார்க்கெட்டில் ஒதுக்கிப் போடுவார்கள். நானும் மூன்று சேராமல் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயோ அத்தை, சேக்கணும். மூணு ஒரே கலரு சேந்தா வெடிக்கும்."

"அதான் சேராமப் பாத்துக்கிடுதேன்."

"வெடிக்கத்தான் அத்தை விளையாடுதோம்."

இதை நான் ஒத்துக்கொள்ள நாலு நாள் ஆயிற்று. ஒத்துக்கொண்ட பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. இருபது வருஷம் பூ பிரித்த கண், எந்த மூலையில் எந்த நிறம் கிடக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். செல்வியை எட்டுக் கட்டம் தாண்டிப் போனேன். அன்றைக்கு மத்தியானம் அவள் எனக்குக் குழம்பு ஊற்றினாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு பையன் ரயில் ரோட்டில் ஓடுகிற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். பின்னாலேயே ஒருத்தன் துரத்துகிறான். எனக்கு அது ஆகவே இல்லை. துரத்துகிறவன் என்ன கேட்கிறான் என்றே தெரியாமல் அந்தப் பிள்ளை எதற்கு ஓட வேண்டும்? "நில்லுடே, என்னன்னு கேப்போம்," என்று விரலை எடுத்துவிட்டேன். அவன் பிடித்துக்கொண்டான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டேன்.

பிடித்தது தோட்டம். விதை போட்டால் நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கத்தரிக்காய் காய்க்கிறது. பசு இருக்கிறது, கன்றுக்குட்டியைக் காணோம், பால் மட்டும் கொடுக்கிறது. அது மட்டும் எனக்கு உறுத்தல். ஆனால் மேலே ஒரு மேகம் இருக்கிறது. அதைத் தொட்டால் மழை பெய்கிறது.

நான் பிறந்த ஊர் ஆடு மேய்க்கிற ஊர். வானம் பார்த்த கரிசல். எங்கள் அப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு தண்ணீருக்காகச் சிவகிரிப் பக்கம் மலை அடிவாரம் வரைக்கும் போய்விட்டு, வாரக்கணக்கில் கழித்து வருவார். வந்ததும் முதல் வேலையாக முற்றத்தில் நின்று மேலே பார்ப்பார். அப்புறம்தான் எங்களைப் பார்ப்பார்.

அந்த மேகத்தை நான் தொட்டுக்கொண்டே இருந்தேன். "போதும் அத்தை, பயிருக்கு இவ்வளவு வேண்டாம்," என்றாள் செல்வி.

"பெய்யட்டும்," என்றேன்.

கடையநல்லூர்த் தம்பி

வெயில் ஏற ஆரம்பித்த மாசம் ஒரு காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கையிலிருந்து பிளேடு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். குனிந்தவர் நிமிரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உயிர் முழுசாக இருந்தது, மற்றதெல்லாம் பாதி. வலது காலை இழுத்து வைத்தார். வலது கை தொங்கியது. பேச்சு வாய்க்குள் புரண்டு புரண்டு வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் யாராவது பார்க்க வந்தால், தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லிவிடுவார். கண்ணை விழித்துக்கொண்டே.

கடையநல்லூரிலிருந்து ரியாஸ் என்று ஒரு தம்பி ஸ்கூட்டரில் வந்து கைகால் பயிற்சி கொடுத்தது. நல்ல பிள்ளை. கோபமே வராது. ஒரு மெத்துப் பந்தைக் கையில் கொடுத்து, அமுக்குங்கள் என்று சொல்லும். அவர் பந்தைப் பார்க்க மாட்டார். சுவரைப் பார்ப்பார். பந்து மடியில் உருண்டு தரைக்குப் போய்விடும்.

ஒரு நாள் அந்தத் தம்பி என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னது: "ஆச்சி, மறைக்காம சொல்லுதேன். இன்னும் மூணு நாலு மாசந்தான். அதுக்குள்ள அந்தக் கையிட்ட வேலை வாங்கிரணும். விட்டம்னா விரலு அப்படியே மடங்கி நின்னுரும். பொறவு யாரு வந்தாலும் நிமித்த முடியாது."

அன்றிலிருந்து நான் அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்ப்பேன், நேற்றைக்கு இருந்ததைவிட ஒரு நெல் அளவு உள்ளே மடங்கியது போல இருக்கும். நான் நீவிவிட்டால் கையைப் பிடுங்கிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி அந்த பஸ்ஸை இறக்கினாள். பச்சை பஸ், நம்ம பக்கத்து பஸ் மாதிரியே முன்னால் கண்ணாடியில் மாலை போட்டு. மூன்று தடவை நின்று போனதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

மறுநாள் காலையில் ரியாஸ் வந்தது. வலது காலைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "ஐயா, காலை அமுக்குங்க," என்றது. ஒன்றும் இல்லை. "என் கையத் தள்ளுங்க." ஒன்றும் இல்லை. எந்தக் கால் என்று புரியவில்லையோ என்று நினைத்து, "ரைட்டு ஐயா. ரைட்டு. ரைட்," என்றது.

கால் அமுங்கியது.

"மாஷா அல்லா. ஆச்சி, பாத்தியளா?" என்று அந்தத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி, "காலை அமுக்குங்க," என்றது. அமுங்கவில்லை. "ரைட்," என்றது. அமுங்கியது.

நான் காப்பியை வைத்துக்கொண்டு நின்றேன். ரியாஸ் பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். வலது கால் அமுங்கும்போது அவருடைய இடது கை சும்மா இருக்கவில்லை. நாற்காலிக்கு வெளியே இறங்கி, ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ பிடித்து முன்னால் தள்ளியது. கியர்.

மனுஷன் பயிற்சி செய்யவில்லை. பஸ்ஸை எடுக்கிறார்.

யார் ரைட் கொடுப்பது

இதைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கும். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டிய ரூட், சங்கரன்கோவிலில் எடுத்தால் ராயகிரி, சிவகிரி, ராஜபாளையம். ஸ்டாப்பில் ஆள் ஏறி முடித்துவிட்டார்கள் என்று அவருக்குக் கண்ணாடியில் நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுக்க மாட்டார். கண்டக்டர் ரெண்டு விசில் ஊத வேண்டும், இல்லை 'போலாம் ரைட்' என்று குரல் கொடுக்க வேண்டும். முன்னால் இருக்கிற ரோடு டிரைவருக்கு, பின்னால் இருக்கிற படி கண்டக்டருக்கு. படியில் கால் வைத்தவன் பத்திரம் என்று அவன் சொல்லாமல் சக்கரம் உருளக் கூடாது.

என்னை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போனாலும் இதே கதைதான். நான் சேலையைச் சொருகிக்கொண்டு, "ம், போலாம்," என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும். ஒரு நாள் கோபத்தில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தெருவே பார்த்தது.

அவருக்குப் புத்தி போகவில்லை. கண்டக்டர் இல்லாமல் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

"ஏட்டி செல்வி, போனக் கொண்டா," என்றேன்.

பிஸ்கட் டின் வந்தது, போன் வந்தது, பச்சை பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கதவு மூடியது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, பஸ் தகரத்தைத் தட்டுவது போல அதன் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினேன்.

"போலாம் ரைட்."

அவருடைய இடது கை நீண்டு பச்சையை அமுக்கியது. பஸ் நகர்ந்தது.

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரியாஸ் தம்பி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றது. அடுத்த ஸ்டாப் வந்ததும் நான், "ஹோல்டான்," என்றேன். நின்றது.

அவர் திரும்பாமலே என்னமோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"சத்தம்... பத்தல," என்றார்.

அன்றிலிருந்து நான் கண்டக்டர். காலையில் சாப்பாடு ஆனதும் ஒரு சிங்கிள், சாயங்காலம் ஒரு சிங்கிள். போகிற நடைக்கு பஸ்காரர்கள் சிங்கிள் என்றுதான் சொல்வார்கள். எனக்கும் அந்த வேலை ரொம்பப் பிடித்துப் போயிற்று. "படியில நிக்காதிய, உள்ள போங்க. அந்தத் தொப்பிக்காரரே, உம்மத்தான்வே," என்று சத்தம் போடுவேன்.

"அத்தை, அது படம்," என்பாள் செல்வி.

"படம்னா கீழ விழமாட்டாவளா?"

ரியாஸ் தம்பிக்கு மட்டும் முழுச் சந்தோஷம் இல்லை. "எல்லாம் சரி ஆச்சி. ஆனா ஐயா எடது கைலதான ஓட்டுதாங்க. அது நல்ல கை. நல்ல கைக்கு எதுக்கு வைத்தியம்?"

அதுவும் நியாயம். போனின் இடது ஓரத்தில் ஸ்டியரிங், வலது ஓரத்தில் ஆக்சிலேட்டர். அவர் இடது கையாலேயே கொஞ்சம் அமுக்குவார், கொஞ்சம் திருப்புவார். சமமான ரோட்டில் அது போதும். வலது கை மடியில் வேலையில்லாமல் கிடந்தது. மாசம் ஒன்று போய்விட்டது.

பின்னால வண்டி வருது

செல்வி ஒரு மலை ரோட்டைத் திறந்தாள். கொண்டை ஊசி வளைவு. அங்கே இடது கை வித்தை நடக்காது. திருப்புவதற்காக ஆக்சிலேட்டரிலிருந்து விரலை எடுத்தால் பஸ் பின்னால் உருளும்.

முதல் வளைவிலேயே உருண்டது. ரோட்டோரக் கல்லை இடித்துக்கொண்டு, ஆட்களோடு பள்ளத்துக்குள் போயிற்று.

செல்வி சிரித்துக்கொண்டே, "மறுபடி போடுதேன் மாமா," என்றாள்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. "எத்தன பேரு?" என்றார்.

"மாமா, அது வெறும்..."

"எத்தன பேரு."

நான் ஏறினவர்களை நினைத்துப் பார்த்துச் சொன்னேன். "ஆறு பேரு."

முப்பது வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியை இடித்தவர் இல்லை. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் ரைட்டும் ஹோல்டானும் இல்லாமல் வீட்டில் ஊமையாய்த் திரிந்தேன். மலையைத் திறந்திருக்கவே வேண்டாம் என்று செல்வி தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவரே போனைக் கேட்டார். மலை ரோடுதான் வேண்டும் என்று கையைக் காட்டினார். முதல் ஸ்டாப்பில் ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் நிறுத்தவில்லை. இடது கையை உயர்த்தி, பின்னால், பின்னால் என்று சைகை காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. "பின்னால வண்டி வருது, அதுல வாங்க," என்று நான் அவர்களுக்குக் குரல் கொடுத்தேன்.

தன் கை சரியாகிற வரைக்கும் ஆளை ஏற்ற மாட்டார். வெறும் வண்டி.

வளைவு வந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி, மூட்டையை இறக்கி வைப்பது போலப் போன் கண்ணாடியின் மேல் வைத்தார். பெருவிரல் செத்தது போலக் கிடந்தது. பஸ் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. "வெறும் வண்டிதான," என்று சொல்லிவிட்டு மறுபடி மலை ரோட்டைப் பார்த்தார்.

"போலாம் ரைட்," என்றேன்.

எத்தனை நாள் அப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் விழும், சாயங்காலம் விழும். "மாமா, ஆள ஏத்தாட்டா ஒரு பாயிண்டு கூட வராது. இந்த வெளையாட்டுல ஒங்கள மாதிரி ஒரு ஆள் இல்ல," என்று செல்வி மிஷினிலிருந்தபடியே கேலி செய்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் பெருவிரல் அசைந்தது. நான்தான் பார்த்தேன். பஸ் ஒரு முழம் மேலே ஏறியது. ரியாஸ் வந்ததும் நான் சொல்வதற்கு முன்னால் அவரே, "பந்து," என்று கேட்டார். அந்தத் தம்பிக்குக் காது கேட்டதில் நம்பிக்கை வரவில்லை. "பந்து வேணுமா ஐயா?"

"வளைவுல... பிடி பத்தல," என்றார்.

அதற்குப் பிறகு சுவரைப் பார்ப்பது நின்றது. பந்தை அமுக்குவார், மலைக்குப் போவார். முதல் வளைவு ஏறிற்று. ரெண்டாவது வளைவில் பல நாள் விழுந்து, அதுவும் ஏறிற்று. மூன்றாவதும் ஏறி உச்சிக்கே போய் வந்தார். ஆனாலும் ஸ்டாப்பில் நிற்கிறவர்களுக்குச் சைகைதான். ஏறும்போது விரல் எப்போது நழுவும் என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் நழுவும்.

ஒன்பது பேர்

கோமதி அம்மன் கோயில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிரம்பிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஸ்பெஷல் பஸ். எங்கள் தெருவுக்கு மெயின் ரோடு பக்கம்தான், விடிந்ததிலிருந்து ஹாரன் சத்தம். அவர் ஒவ்வொரு ஹாரனுக்கும் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த டிப்போ வண்டி என்று சத்தத்திலேயே சொல்வார்.

இட்லி சாப்பிட்டதும் போனைக் கேட்டார். மலை ரோடு. முதல் ஸ்டாப்பில் வழக்கம் போல ஆட்கள் நின்றார்கள். நானும் வழக்கம் போல, "பின்னால வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"இரு," என்றார்.

பஸ் நின்றது. கதவுக்கு ஒரு பொத்தான் உண்டு, வலது ஓரத்தில். வலது பெருவிரல் தானாகவே அங்கே போயிற்று. இடது கை தூக்கிவிடவில்லை. கதவு திறந்தது.

ஒருத்தர், ரெண்டு பேர். புத்தகப் பையோடு ஒரு சின்னப் பிள்ளை. குடை வைத்த ஒரு பொம்பளை. நான் எண்ணினேன். ஒன்பது பேர்.

"ஏங்க, இத்தன பேர ஏத்திட்டிய. கை தாங்குமா?" என்றேன்.

"தாங்கும்," என்றார். "ரைட் குடு."

இத்தனை நாள் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உடனே கொடுத்துவிடவில்லை. படியை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகுதான் சொன்னேன்.

முதல் வளைவில் ஒன்றும் இல்லை. ரெண்டாவதில் பெருவிரல் நடுங்க ஆரம்பித்தது. நகம் வெளுத்துவிட்டது. பஸ் ஒரு அடி பின்னால் வந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குடைக்காரியை ஒரு பார்வை பார்த்தேன், பாவம், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. செல்வி எழுந்து வரவில்லை, மிஷினிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை அமுக்கினார். பஸ் நின்றது. பிறகு ஏறியது. மூன்றாவது வளைவும் ஏறி, உச்சியில் போய் நின்றது. அங்கே ஒரு டீக்கடை மாதிரி இருக்கிறது, அதுதான் கடைசி ஸ்டாப்.

கதவைத் திறந்தார். ஒவ்வொருத்தராக இறங்கினார்கள். பை வைத்த பிள்ளை, குடைக்காரி, எல்லோரும் இறங்கி அவரவர் போக்கில் நடந்து போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "இந்தப் பாடு பட்டு ஏத்திக் கொண்டாந்து விட்டுருக்கிய. ஒருத்தராவது டிரைவரத் திரும்பிப் பாக்காவளா பாருங்க."

அவர் வலது கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, விரல்களை மெதுவாக விரித்து, மூடி, மறுபடி விரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது.

"பாக்கக் கூடாது," என்றார். "பாத்தா... வண்டி குலுங்கிருக்குன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு, மலைக்குக் கீழே இறங்க ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே பஸ்ஸைத் திருப்ப ஆரம்பித்தார்.